சுவருக்கு அந்தப் பக்கத்துப் பலகை

கல்மண்டபத்து அம்புரோஸ் போட்ட முடிச்சு அவிழ்ந்தது என்று ஹார்பரில் ஒரு பயல் சொல்லிவிட முடியாது. கப்பல் சரக்குக்குக் கயிறு கட்டுகிற வேலை அவனுக்கு. பதினாறு வருஷம் செய்தான். அரிசி மூட்டையோ, இயந்திரப் பெட்டியோ, நாலு சக்கரமும் ஆகாயத்தில் தொங்க மேலே போகிற காரோ, கட்டினது அம்புரோஸ் என்று தெரிந்தால் கிரேன்காரர் வாயிலிருக்கிற பீடியைக்கூட எடுக்காமல் தூக்குவார். அவன் அப்பா கடலுக்குப் போனவர். வலையும் வடமுமாகக் கிடந்த வீட்டில் பிறந்தவனுக்குக் கயிறு கைவந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெருமை இருக்கிறதே, அது கொஞ்சம் கூடுதல். ஆணியும் போல்ட்டும் கயிறு கட்டத் தெரியாதவன் கண்டுபிடித்தது என்பது அவன் கட்சி. அவன் வீட்டில் கட்டில் காலுக்குக் கயிறு, கதவுக் கொண்டிக்குக் கயிறு, பிடி கழன்ற குடைக்கும் கயிறு. "செத்தா என் பொட்டிக்காச்சும் நாலு ஆணி அடிப்பியா, இல்ல அதுக்கும் கயிறுதானா?" என்று கேட்பாள் அவன் பெண்டாட்டி ஐரீன். ஐரீனுக்கு வாய் நீளம். மனசு அதைவிட நீளம்.

1967 ஐப்பசி மழையில் அவன் கால் போயிற்று. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. கடல் ஒரு சிலுப்பு சிலுப்பியது, கப்பல் சாய்ந்தது, அடுக்கி வைத்திருந்த சணல் கட்டுகள் சரிந்தன, அடியில் அம்புரோஸின் இடது கால் இருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல், இரண்டு அக்குள் கட்டைகளோடு பொங்கல் கழித்து வீடு வந்தான். உயிர் தப்பியதே மாதா புண்ணியம் என்றார்கள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும். அம்புரோஸுக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் உயிர் தப்பியவன் அதற்கப்புறம் தினமும் குளித்தாக வேண்டுமே, அதை யார் யோசித்தார்கள்?

அவர்கள் இருந்தது ஒரு பழைய நீள வீட்டில் ஒரு பங்கு. வீட்டுக்காரர் அதை நாலாகத் தடுத்து நாலு குடும்பத்துக்கு விட்டிருந்தார். அம்புரோஸின் குளிக்கிற ரூம் பின்பக்கம், பொதுவான முற்றத்தைப் பார்த்து இருந்தது. கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. சாத்த முடியாத கதவு எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டார்கள். முற்றத்துக் குழாயடியில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். அதனால் ஐரீன் ஒரு கையால் போர்வையைத் திரையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவனுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். குளித்து முடித்ததும் போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்துவாள். அறுபத்தைந்து கிலோ ஆளை! ஒன்றரை வருஷம் இது நடந்தது. ஒரு நாள் முகம் சுளித்தவளில்லை. வீட்டில் உட்கார்ந்து ஹார்பருக்குக் கயிறு பின்னிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு, இந்தக் குளியல் ஒன்றுதான் தினமும் சின்னதாய் ஒரு சாவு.

இப்படி இருக்கையில்தான், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதையே இரண்டு பேரும் மறந்துவிட்ட பிற்பாடு, ஐரீன் முழுகாமல் இருந்தாள்.

"பக்கெட் கூடத் தூக்கக் கூடாது" என்று சொன்னார் டாக்டரம்மா. "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தவள், மறுநாள் காலையில் புருஷனைத் தூக்கினாள். அவன் திட்டினான். அவள் திருப்பித் திட்டினாள். அஞ்சாம் மாசத்தில் ஒரு நாள் அவனைத் தூக்கும்போது அவள் கால் சோப்புத் தண்ணீரில் சறுக்கிவிட்டது. இரண்டு பேருமாகச் செங்கல் சுவரில் போய் மோதினார்கள். நல்லவேளை, அவளுக்குத் தோளில் அடி, வயிற்றில் இல்லை. அம்புரோஸ் அன்றைக்குச் சோறு தொடவில்லை.

"நாளைலேர்ந்து நான் தனியா குளிச்சிக்கிறேன்" என்றான்.

"எத்த புடிச்சிகினு எயுந்துப்ப? சொல்லு பாப்பம்."

"அத்த நான் பாத்துக்கிறேன்."

"புடிக்க ஒண்ணும் இல்லாத வரிக்கும் நான் வுட மாட்டேன். நீ கத்து, கொரலுதான் போவும்" என்றாள் ஐரீன். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

ஆக, ஒரு குழாய் வேண்டும். ரூமுக்குக் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓர் இரும்புக் குழாய். அதில் ஒரு படுதா தொங்கினால் முற்றத்துக் கண்ணுக்கு மறைப்பு ஆச்சு, எழுந்திருக்கும்போது கைக்குப் பிடி ஆச்சு. அம்புரோஸ் காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு மத்தியானத்துக்குள் குழாய் வாங்கி வரச் செய்துவிட்டான். ஒரு பக்கம் செங்கல் சுவர். அதில் ஓட்டை போட்டு, மரமுளை அடித்து, குழாயின் முனைத் தட்டை ஸ்க்ரூ வைத்து முடுக்கியாயிற்று. கல் மாதிரி நின்றது. மறுபக்கத்தில் ஓட்டை போட்டு மரமுளையை வைத்து ஒரு அடி அடித்தான். முளை 'டொக்'கென்று உள்ளே விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தடித்த முளை. அதுவும் உள்ளே. மூன்றாவது முளையோடு கையகலத்துக்குச் சுண்ணாம்புக் காரையும் பெயர்ந்து விழுந்தது.

அது சுவரே இல்லை. வீட்டுக்காரர் சிக்கனத்துக்குப் போட்ட தடுப்பு. நடுவில் இரண்டடிக்கு ஒரு மரச்சட்டம், சட்டத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கில் பிளாச்சு, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே வெறும் காற்று. பார்வைக்குச் சுவர், தட்டினால் தகர டப்பா.

"இன்னாடா அது? என் வூட்ட இடிச்சித் தள்ளப் பாக்கிறியா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அது வியாகுலம்மாள். கருவாட்டு வியாபாரம். புருஷன் போய் ஏழு வருஷம் ஆயிற்று. தனி ஆள். வாயைத் திறந்தால் கல்மண்டபம் மார்க்கெட்டே ஒதுங்கி வழிவிடும். அம்புரோஸ் குளிக்கிற தண்ணீர் தடுப்பில் ஊறித் தன் வீட்டுச் சுவர் பூத்துப்போகிறது என்று ஒரு சண்டை போட்டு, அதிலிருந்து ஒரு வருஷமாக இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஒரு வருஷத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான். அம்புரோஸ் சுத்தியலைக் கீழே வைத்தான்.

வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். கயிறு ஞாபகம் வந்துவிட்டதே! மேலே கூரையில் பனை உத்திரம் இருக்கிறது. அதிலிருந்து குழாயின் அந்தக் கோடியைக் கயிற்றில் தொங்கவிட்டால் சுவரின் தயவே வேண்டாம். ஐரீனை உத்திரத்தடியில் நிற்கக்கூட விடாமல், முக்காலிமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஹார்பரில் ஒரு டன்னுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டான். கப்பலில் கழித்துப்போட்ட கித்தான் படுதா ஒன்று இருந்தது. அதற்கு வளையம் தைத்து மாட்டினான். "மெய்யாலுமே நல்லாகீது" என்றாள் ஐரீன். இரண்டு நாள் தனியாகக் குளித்தான். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஐரீன் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குளித்து முடித்து எழுந்தவனுக்குக் கால் லேசாக வழுக்கியது. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தான். முடிச்சு அவிழவில்லை. அந்தப் பாழாய்ப்போன முடிச்சு இம்மிகூட அவிழவில்லை. ஆனால் கயிற்றில் தொங்குகிற குழாய் ஊஞ்சல்தானே? அது அவன் பாரத்தோடு முற்றத்துப் பக்கமாக வீசியது. செங்கல் சுவரில் அடித்த மரமுளை பெயர்ந்தது. குழாய், படுதா, அம்புரோஸ், முக்காலி எல்லாமாகச் சேர்ந்து விழுந்த சத்தம் நாலு பங்குக்கும் கேட்டிருக்கும். காலை பத்து மணி. குழாயில் தண்ணீர் நின்றுபோய் முற்றம் காலியாகக் கிடந்த நேரம். நாலு பங்கிலும் இருந்தது வியாகுலம்மாள் ஒருத்திதான்.

அவள் ஓடி வந்தபோது அம்புரோஸ் பிறந்த மேனிக்குத் தரையில் கிடந்தான். எழுந்திருக்க முயன்று முயன்று வழுக்கிக்கொண்டிருந்தான். ஒரு ஆம்பிளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஐய, கண்ண மூடிகினா நான் காணாம பூடுவனா?" என்றாள் வியாகுலம்மாள். கித்தான் படுதாவை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கருவாட்டுக் கூடை தூக்குகிற கையால் அவன் அக்குளைப் பற்றி ஒரே தூக்கில் முக்காலியில் உட்கார வைத்தாள். அவ்வளவு நேரமும் வாய் ஓயவில்லை. கயிறாம், முடிச்சாம், பொண்டாட்டி புள்ளத்தாச்சியாக் கீற வூட்ல சர்க்கஸ் காட்றானாம் என்று அர்ச்சனை. முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"யக்கா, ஐரீனாண்ட சொல்லாத. பயந்துக்குவா."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு வேற சோலி இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அம்புரோஸ் குழாயடிச் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தான். அந்தச் சந்தில் காலையில் ஒருவன் தும்மினால் மத்தியானத்துக்குள் குழாயடியில் அவனுக்குக் கஷாயம் வைத்துவிடுவார்கள். இப்படியொரு சேதி கிடைத்தால் விடுவார்களா? மறுநாள் ஆயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. ஒருத்தரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை, ஒருத்தரும் வாய் பொத்திச் சிரிக்கவில்லை. அவள் மூச்சுவிடவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோயிலில் முழங்காலில் நிற்க முடியாதவன், பாயில் உட்கார்ந்தபடியே அந்த அம்மாளுக்காக 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் ஒன்று சொன்னான். ஆனால் குழாய் பெயர்ந்துவிட்டது என்று மட்டும் தெரிந்த ஐரீன் மறுபடி போர்வையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஆறாம் மாசம் நடந்துகொண்டிருந்தது.

அவன் தோஸ்து தாவூது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்ணாரப்பேட்டைக்காரன். ரிப்பேருக்கு வருகிற கப்பல்களில் உள்ளறைகளுக்குத் தச்சு வேலை பார்க்கிறவன். நிற்காமல் பேசுவான், பேசிக்கொண்டே கையும் வேலை செய்யும். ஓட்டைகளைப் பார்த்தான், உத்திரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமு, நீ இன்னா குளிக்கிறியா, கப்பல்லேர்ந்து ஆன எறக்கறியா?"

அம்புரோஸுக்குக் கோபம் வந்தது. ஐரீன் உள்ளே டீ போடுகிற நேரம் பார்த்து, தான் விழுந்ததை மெதுவாகச் சொன்னான். தாவூதின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தபாரு அம்ரோசு" என்றான். "கப்பல் ரூம்ல சுவருன்னு எங்க கீது? மெல்லிசா ரெண்டு பலக, நடுவுல காத்து. உன் வூடு மாரியேதான். அங்கியும் கேப்டன் குளிக்கிறான். கடலு ஆட்றப்போ பைப்ப புடிச்சிகினுதான் குளிக்கிறான். புட்டுகினு வருதா?"

"வரலியே."

"ஏன் வரல? துணிதான் தொங்குதுன்னு நெனச்சி நாங்க அத்த அடிக்கிறதில்ல. வயுக்குறப்ப எவனும் இது துணி மாட்ற பைப்பாச்சேன்னு ரோசன பண்ண மாட்டான். கைக்கு ஆப்டத புடிப்பான். அதனால ஆளு தொங்குவான்னு நெனச்சித்தான் அடிக்கணும். இந்த மாரி சுவத்துல முள நிக்காது. இந்தப் பக்கம் ஒரு பலக, அந்தப் பக்கம் ஒரு பலக, ரெண்டுக்கும் நடுவுல சுவரு. போல்ட்டு இங்கேந்து அங்க வரிக்கும் போவும். அங்க நட்டு. அப்பால நீ இன்னா, உன்னாட்டம் மூணு பேரு தொங்கலாம்."

சொல்லிக்கொண்டே விரல் முட்டியால் தடுப்பைத் தட்டிக்கொண்டு போனான். பொக், பொக், பொக் என்றது. ஓரிடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்டது. சட்டம். அங்கே கரியால் கோடு போட்டான். இரண்டடி தள்ளி இன்னொரு சட்டம். "பலக இந்தச் சட்டத்துலேர்ந்து அந்தச் சட்டம் வரிக்கும் வரணும். அப்பதான் பாரம் பூச்சு மேல வுயாது. செரி, அந்தப் பக்கம் இன்னா கீது?"

டீயோடு வந்த ஐரீன்தான் சொன்னாள். அந்தப் பக்கம் வியாகுலம்மாள் ஜெபம் சொல்லுகிற பீடம். கரிக்கோடு போட்ட அதே இடத்துக்கு நேர் பின்னால் திரு இருதய ஆண்டவர் படம்.

கேட்டுத்தான் ஆகவேண்டும். ஐரீன் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று அவனே அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு போனான். பத்தடி தூரம். அதைக் கடக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று என்றால் நம்ப மாட்டீர்கள். கட்டையை ஊன்றுவதும் நிற்பதுமாக. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒரு வருஷம் பேசாத சண்டை ஒரு பக்கம். தன்னை அந்தக் கோலத்தில் பார்த்தவள் என்பது இன்னொரு பக்கம். ஹார்பரில் கொடிமரத்தின் உச்சிக்கு ஏறச் சொன்னால் ஒற்றைக் காலோடு ஏறியிருப்பான்.

வியாகுலம்மாள் வாசலில் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, மறுக்கா வியுந்துட்டியா?"

"இல்லக்கா." தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். சுவரில் நாலு ஓட்டை. உன் பக்கத்தில் ஒரு பலகை. ஐரீன் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவள் கையிலிருந்த வாளைக் கருவாட்டை ஒரு பக்கம் வைத்தாள்.

"அந்தப் படம் கோயில் சாமியார் வூட்டுக்கு வந்து மந்திரிச்சி ஸ்தாபகம் பண்ண படம்டா. எங்க கல்யாணமான வர்சம் எங்கூட்டுக்காரரு அந்தச் சாமியார கூட்டியாந்தாரு. அவரு போனப்பகூட நான் அத்த எறக்கல. வெள்ளையடிக்கிறப்பகூடச் சுத்திதான் அடிப்பாங்க."

"செரிக்கா. பரவால்ல" என்று அம்புரோஸ் திரும்பினான்.

"யாரு இன்னா சொன்னாங்கன்னு நீ பாட்டுக்குத் திரும்பிகினு போற? கால்தான் போச்சி, காதுமா போச்சி? கேளு. வர்ற ஞாயித்துக்கெயம ரெண்டாம் பூசை முடிஞ்சி வரேன். வந்து எறக்கறேன். ஆனா சாமியார் வெச்ச எடத்தவுட்டு எடுத்தா அது கீய பட்ற கூடாது, வேற ஆணில தொங்கக் கூடாது. என் கைலதான் இருக்கும். எவ்ளோ நாழி ஆனாலும் செரி."

அப்படி ஒரு சட்டம் திருச்சபையில் இருக்கிறதா என்று கேட்டால் எந்தச் சாமியாரும் இல்லை என்றுதான் சொல்லுவார். அவளாகப் போட்ட சட்டம் அது. ஆனால் யார் போய் அவளிடம் சொல்வது?

அடுத்த ஞாயிறு தாவூது இரண்டு தேக்குப் பலகைகளை இழைத்துத் தோளில் தூக்கி வந்தான். வியாகுலம்மாள் கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடேயே வந்து சிலுவை போட்டுக்கொண்டாள். படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். மூன்றடி உயரம், கண்ணாடி போட்ட கனத்த படம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டு ரூம் நடுவே நின்றாள்.

ஒரு மணி நேரத்து வேலை என்று தாவூது சொல்லியிருந்தான். மூன்று மணி நேரம் ஆயிற்று. மூங்கிலில் துளைக்கருவி மாட்டிக்கொண்டது. ஒரு துளை அரை அங்குலம் விலகிப்போய்த் திரும்பப் போட வேண்டியிருந்தது. அப்புறம், நடுவே காற்று இருக்கிற சுவரில் நட்டை இறுக்கினால் இரண்டு பக்கத்துப் பூச்சும் அப்பளமாக நொறுங்கிவிடும். அதற்காகச் சுவரின் கனத்துக்குச் சரியாக நாலு பைப்புத் துண்டுகளை அறுத்துத் துளைக்குள் செருகினான். அந்தத் துண்டுகளுக்குள் போல்ட்டை விட்டான். இறுக்குகிற பாரத்தை எல்லாம் துண்டுகள் வாங்கிக்கொண்டன. குழாயின் ஒரு முனை அந்தப் பலகையிலும் மறுமுனை செங்கல் சுவரில் ஆழமாய் அடித்த புது முளையிலும் ஏறியது. குளிக்கிற பக்கம் பலகைக்குத் தார் பூசி, சுவரோடு சேர்கிற விளிம்பு முழுக்க அடைத்தான். "இனிமே உன் வூட்டுக்கு ஈரம் வராதுக்கா" என்றான்.

"வந்தா உன்னத் தேடிகினு வண்ணாரப்பேட்டைக்கே வருவேன்" என்றாள் படத்துக்குப் பின்னாலிருந்து.

அம்புரோஸ் கதவோரத்தில் கட்டையில் சாய்ந்தபடி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் மணி நேரம் நேராக நின்றாள். இரண்டாவது மணியில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். அப்புறம் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. ஐரீன் முக்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார மாட்டேன் என்றாள். "ரவ நேரம் என்னாண்ட குடுக்கா" என்று ஐரீன் கை நீட்டினாள். "புள்ளத்தாச்சி கைல குடுப்பனா? தள்ளிப் போடி" என்று ஒரு அதட்டு. வேர்வை நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்கக் கையில்லை. அம்புரோஸ் மெதுவாகப் பக்கத்தில் போய்த் தன் தோள் துண்டால் அவள் நெற்றியைத் துடைத்தான். அவள் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷத்துச் சண்டை எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசி நட்டை முடுக்கி, அவள் பக்கத்துப் பலகையிலேயே புதுசாய் ஒரு கொக்கியும் வைத்துக் கொடுத்தான் தாவூது. படம் பழைய இடத்துக்கே ஏறியது. "ரவ கோணலா கீது" என்றாள் வியாகுலம்மாள், கையை உதறிக்கொண்டே. கோணல் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் வந்த தாவூது குழாயைப் பிடித்து இரண்டு காலையும் மடக்கித் தொங்கினான். குழாய் அசையவில்லை. "வா மாமு, நீயும் வா" என்றான். அம்புரோஸும் பிடித்தான். இரண்டு ஆம்பிளைகள் குரங்குகள் மாதிரி தொங்குவதைப் பார்த்து ஐரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு. தாவூது மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். வியாகுலம்மாளைக் கூப்பிட்டதற்கு, எனக்கு வேலை கிடக்கிறது என்று போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அம்புரோஸ் தனியாகக் குளித்தான். ஐரீன் முதல் வாரம் முழுக்கப் படுதாவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். இரண்டாவது வாரம் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவனைத் தூக்கித் தூக்கி வீங்கியிருந்த அவள் கால் வடிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று மாசம் நல்லபடியாக ஓடியது. அந்த அம்மாளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அம்புரோஸ் எத்தனை தரம் அவள் வாசலில் போய் நின்றிருப்பான்! "யக்கா..." என்று ஆரம்பிப்பான். "வெயில மறைக்காத, கருவாடு காயல" என்பாள். வாயில் வந்தது வயிற்றுக்குள் போய்விடும். நன்றி சொல்லப்போனால் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் அந்தப் பத்து மணிக் காலை ஞாபகம் வந்து தொலைக்கும்.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை ஐரீனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட அவள் அக்கா சிலுவையம்மாள் இருந்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிலுவையம்மாள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்காமலே சந்தில் நின்று கத்தினாள்.

"அம்ரோசு! பொண்ணு பொறந்துகீது! ரெண்டு பேரும் நல்லாகீறாங்க! குளிச்சிட்டு வா, ஐரீன் உன்னத்தான் கேட்டுகினு கீறா!"

ரிக்‌ஷா அப்படியே திரும்பிப் போய்விட்டது. அம்புரோஸுக்குக் கை கால் ஓடவில்லை. பதினோரு வருஷம்! படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தலையில் தண்ணீரை ஊற்றினான். உடம்பெல்லாம் சோப்பு. எட்டி இன்னொரு சொம்பு மொள்ளலாம் என்று எழுந்தான். அவசரத்தில் இருந்த அந்த ஒற்றைக் கால் சட்டென்று முன்னால் ஓடிவிட்டது.

கை தானாக மேலே போயிற்று. குழாய் அகப்பட்டது. அவன் பாரம் முழுவதும் ஒரே சமயத்தில் அதில் இறங்கியது. பலகை 'கிறீச்'சென்றது. அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. குழாய் நின்றது. இம்மி நகராமல் நின்றது. அவன் தொங்கிக்கொண்டே காலை இழுத்துத் தரையைத் தேடிப் பாதத்தை ஊன்றினான்.

"அம்ரோசு! வியுந்துட்டியா? வரவா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதறிய குரல்.

"வராதக்கா!" என்று அலறினான். அப்புறம் மூச்சை வாங்கிக்கொண்டு சொன்னான். "வியல. நிக்கிறேன்."

"மெய்யாலுமே?"

"மெய்யாலுமே நிக்கிறேன்க்கா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவன் இன்னும் குழாயை விடவில்லை. நடுவில் சுவர் இருந்ததாலோ, மகள் பிறந்த காலை என்பதாலோ, மூன்று மாசமாக உள்ளே கிடந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"யக்கா, உன்னாலதாங்க்கா நிக்கிறேன். அன்னிக்கி நீ தூக்குன, ஒருத்தராண்டயும் சொல்லல. மூணு மணி நேரம் எனக்காவ நின்ன. எங்க அம்மா இருந்தாகூட இப்டி பண்ணியிருக்க மாட்டா. நீ நல்லாருக்கணும்க்கா. நூறு வர்சம் நல்லாருக்கணும்." அழுகையில் பாதி வார்த்தை தண்ணீரோடு போயிற்று. போகட்டும், சொல்லியாகிவிட்டது.

அந்தப் பக்கம் அவள் மூக்கைச் சிந்துவது மட்டும் கேட்டது.

"மெயுவத்திதான் வியுந்துது. வேற ஒண்ணியும் இல்ல" என்றாள் கடைசியில். "சீக்கிரம் தொடச்சிகினு துணிய கட்டு. நானும் வரேன்."

"நீ எதுக்குக்கா? வியாபாரத்த வுட்டுட்டு..."

"எதுக்கா? ரெண்டு கட்டையும் ரெண்டு கைல வெச்சிகினு புள்ளய எதுல வாங்குவ? உனக்கு ரெண்டு கையும் வாணும்டா இன்னிக்கி. கட்டய கீய போடு, என் மேல சாஞ்சிகினு புள்ளய தூக்கு."